இரண்டு டப்பா மாவு

கொண்டாப்பூரில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பை என் அப்பாதான் கட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது முழுப் பொய் இல்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்த ஆட்களில் அவரும் ஒருவர். மூன்று பிளாக்குகளும் எழுந்து நின்றதும் மற்றவர்கள் அடுத்த கட்டடத்துக்கு மூட்டை கட்டினார்கள். பில்டர் எங்களை மட்டும் வாட்ச்மேன் குடும்பமாக நிறுத்திக்கொண்டார். கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில், ஏ பிளாக் லிஃப்டுக்குப் பின்னால் ஓர் அறை. அங்கிருந்துதான் நான் பத்தாவது எழுதினேன், பி.காம். முடித்தேன். எங்கள் இரு பக்கச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

நாலாவது வரை ஊரில் தமிழில் படித்தேன். ஐந்தாவதிலிருந்து இங்கே தெலுங்கு. மேல்மாடித் தமிழ் வீடுகள் பழைய பேப்பருக்குப் போட்ட வாரப் பத்திரிகைகளால்தான் என் தமிழ் பிழைத்தது.

அம்மா முதலில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஏ பிளாக் மூன்றாவது மாடியில் சென்னையிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். மென்பொருள் கம்பெனியில் வேலை. அவர்தான் ஒருநாள், "உங்க கையால மாவு அரைச்சுக் குடுங்களேன், கடைப் பாக்கெட் புளிச்சுப் போய் வருது" என்று கேட்டார். பெங்களூருக்கு மாறிப் போன ஒரு குடும்பம் விட்டுச் சென்ற பழைய கிரைண்டர் எங்களிடம் இருந்தது. அம்மா அரைத்துக் கொடுத்தாள். ஒரு வீடு மூன்றாகி, மூன்று பதினான்காகிவிட்டது. மென்பொருள் கம்பெனிகள் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்த காலம் அது. ஒவ்வொரு மாதமும் ஒரு லாரி நிறைய சாமானோடு ஒரு தமிழ்க் குடும்பம் வந்து இறங்கும். இறங்கிய மறுவாரம் நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பெண் கீழே வந்து, "இங்க மாவு கிடைக்கும்னு சொன்னாங்க" என்று நிற்பார்.

அம்மா நாலு வீட்டு வேலையையும் ஒரே நாளில் விட்டாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரலிடுக்குகள் வெடித்துப் போயிருந்தன. ஆறு மாதத்தில் அவை ஆறின.

பழைய கிரைண்டர் ஒருநாள் புகைந்து நின்றது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கடலுக்கு அந்தப் பக்கம் சாமான் வாங்கிய ஆட்கள் எழுதும் புகார்களுக்கு மெயிலில் பதில் எழுதும் வேலை. சேர்த்து வைத்திருந்த சம்பளத்தில் செகந்திராபாத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய், கவிழ்த்து மாவை ஊற்றும் புது கிரைண்டர் ஒன்று வாங்கினேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. அதைக் கழற்றாமலே கடைக்குப் போனேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். நான் உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு சந்து முனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் லேமினேஷன் செய்யாமல் விட்டதில்லை. என் மார்க் லிஸ்ட், ரேஷன் அட்டை, அப்பாவின் வாக்காளர் அட்டை, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று இருக்கும். கீழ்த்தளத்தில் மழைத் தண்ணீர் புகுந்த ஒரு வருஷம் என் மாற்றுச் சான்றிதழ் கூழாகிப் போனதிலிருந்து ஆரம்பித்த பழக்கம். அட்டை இளஞ்சூட்டோடு கைக்கு வந்தது. இனி இதை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன். உண்மைதான், ஒன்றும் செய்ய முடியவில்லை.

புதுக் கல் முதலில் கொஞ்சம் உதிரும். அதனால் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் மாவுக்குப் பயன்படுத்துவார்கள். இரண்டு முறை செய்தால் போதும். அம்மா ஐந்து முறை செய்தாள். பிறகுதான் அரிசி போட்டாள்.

நாலாவது நாள் காலை பி பிளாக்கிலிருந்து ஒரு பெண் கையில் தட்டோடு இறங்கி வந்தார். தட்டில் பாதி கடித்த இட்லி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை வாயில நறநறன்னு வருதுங்கறான். நான் கடிச்சுப் பாத்தேன். எனக்கே பல்லு கூசிருச்சு."

அம்மா அந்த இட்லியை வாங்கி வாயில் போட்டு மென்றாள். முகம் மாறியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்துத் தாம்பாளத்தில் விட்டு, தண்ணீர் ஊற்றி, அரிசியில் கல் அரிப்பதுபோல மெதுவாகச் சுழற்றி வடித்தாள். மாவு தண்ணீரோடு போய்க்கொண்டே இருந்தது. நாலாவது சுற்றில் தட்டின் அடியில் கறுப்பாக ஒரு கோடு தங்கியது. விரலால் தொட்டால் குத்தியது.

"கல்லு சரியில்ல பாப்பா. உள்ளயே உளுத்த கல்லு. இன்னும் நூறு வாட்டி தவுடு போட்டாலும் உதிர்ந்துக்கினேதான் கெடக்கும்."

கடைக்குப் போனோம். மேலாளர் நடுத்தர வயதுக்காரர். வேலையாட்களிடம் உருதுவிலும் எங்களிடம் தெலுங்கிலும் பேசினார். அம்மா ஒரு பொட்டலத்தில் கொண்டு போயிருந்த கல் தூளை அவர் பார்க்கவே இல்லை.

"நயா பத்தர் அம்மா, புதுக் கல்லு அப்படித்தான் இருக்கும். ஓட்டுங்க, ஓட்டுங்க, சரியாயிடும். அட்டையைக் குடுங்க பாப்போம்."

நான் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அரே, இதர் ஆவ், இதைப் பாரு" என்று இரண்டு விற்பனையாளர்களைக் கூப்பிட்டார். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மேடம், இதுல எங்க கடை முத்திரையே இல்ல. வாங்கின அன்னிக்குப் பில் போட்ட இடத்துல முத்திரை வாங்கணும். இந்தத் துண்டைக் கிழிச்சுப் பதினஞ்சு நாளுக்குள்ள கம்பெனிக்குத் தபால்ல போடணும். நீங்க துண்டையும் சேத்து பிளாஸ்டிக்ல போட்டுட்டீங்க. இப்ப நான் எங்க முத்திரை குத்த? பிளாஸ்டிக் மேலயா?"

"அப்ப பிளாஸ்டிக்கப் பிரிச்சுக் கொண்டு வர்றேன்."

"கொண்டு வாங்க, கொண்டு வாங்க" என்றார், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

வீட்டில் பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிரித்தேன். பிளாஸ்டிக்கோடு அட்டையின் மேல்தாளும் உரிந்து வந்தது. எழுத்து ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் திட்டாதது இன்னும் வலித்தது. வீட்டில் படித்தவள் நான். படிக்காத யாரும் செய்திருக்க மாட்டாத காரியத்தையும் நான்தான் செய்திருந்தேன். அவர்கள் அந்த அட்டையைச் சும்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

அதன்பிறகு அம்மா தனியாக மூன்று முறை கடைக்குப் போனாள், பேருந்து மாறி மாறி. ஒருமுறை மேலாளர் இல்லை என்றார்கள். ஒருமுறை கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் முறை, "இது வீட்டு உபயோகத்துக்கான மெஷின் அம்மா, நீ இதுல கடை வச்சு நடத்தினா கல்லு உதிராம என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறார் மேலாளர். அவள் மாவு விற்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னேன். மாவு யாவாரம் கெட்டுப் போவுது சார், சீக்கிரம் மாத்திக் குடுங்கன்னு சொன்னேன்."

பதினான்கு வீடு ஐந்தாகிவிட்டது. மூன்றாவது மாடி அக்கா தன் வீட்டில் அரைக்க நேரமில்லாமல் கிடந்த சின்ன கிரைண்டரில் அரைத்துக்கொள்ளச் சொன்னார். அதில் ஐந்து வீட்டுக்கே நாலு முறை போட வேண்டியிருந்தது. சி பிளாக்கில் அம்மா முன்பு பாத்திரம் தேய்த்த வீட்டுக்காரம்மா லிஃப்டில் பார்த்து, "மாவு வேலை நின்னு போச்சாமே, ஒண்ணாம் தேதியிலேர்ந்து பழையபடி வேலைக்கு வந்துடேன்" என்றார். அம்மா, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் சாப்பிடும்போது அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டாள். நான் சொன்னேன்: அன்று ஒரு ஆள், தான் வாங்கிய பாத்திரத்தின் நிறம் கம்ப்யூட்டரில் பார்த்த நிறத்தைவிட மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டு, வேறு ஒன்றை அனுப்பச் சொல்லிவிட்டேன். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். எங்களுக்குக் கொடுத்திருந்த விதி அப்படி.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "கலரு மங்கலா கீதுன்னா மாத்திக் குடுக்குறீங்கோ. நம்ம கல்லு உதிர்ந்தா மட்டும் ஏன் சிரிக்கிறாங்கோ?"

மறுநாள் வேலைக்குப் போகும் முன் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி எடுத்தேன். ஆங்கிலம் முறுக்கு முறுக்காக இருந்தது. இரண்டு முறை படித்ததும் சில விஷயங்கள் பிடிபட்டன. வாங்கிய பொருளில் குறை இருந்தால் மாற்றிக் கேட்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு நுகர்வோர் மன்றம் இருக்கிறது, அங்கே நாமே எழுதிக் கொடுக்கலாம். பொருள் வாங்கியதற்குப் பில் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் முத்திரை வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பில் இருந்தது. ஏதோ மறதியில் அதை மட்டும் லேமினேஷன் செய்யாமல் விட்டிருந்தேன்.

இன்னொரு வரியும் இருந்தது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றது. நாங்கள் கிரைண்டர் வாங்கியதே மாவு விற்கத்தான். மேலே படிக்காமல் பக்கத்தை மூடிவிட்டேன்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன. பதில் வரவில்லை. பில் அம்மா பெயரில் இருந்ததால், அதற்குப் பிறகு அவள் பெயரிலேயே மன்றத்துக்குப் புகார் எழுதினேன். "வீட்டு உபயோகத்துக்காக வாங்கிய கிரைண்டர்" என்று அதில் எழுதினேன். எழுதிவிட்டு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"யார் கேட்டாலும் வீட்டுக்குத்தான் வாங்கினேன்னு சொல்லணும். மாவு விக்கிறதப் பத்திப் பேசவே கூடாது."

"ஏன்?"

"பேசினா கேசு நிக்காது."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதவோரம் உட்கார்ந்து பீடியைத் தேய்த்து அணைத்தபடி, "நமக்கு எதுக்கும்மா கோர்ட்டு? நாம வாட்ச்மேனு. நாளைக்கி அசோசியேஷன்ல யாராச்சும் கேட்டா?" என்றார்.

"கேட்டா, என் பொண்ணு எழுதிப் போட்டாள்னு சொல்லு" என்றாள் அம்மா.

மன்றம் நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. காகிதம் வாங்கும் குமாஸ்தா என் புகாரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் படித்தார். நடுவில் நிறுத்தினார்.

"ஏம்மா, எதிர்த்தரப்புக்கு இதுல மூணு தடவ நன்றி சொல்லியிருக்கியே. 'உங்கள் பொறுமைக்கு நன்றி.' யாருக்கு யார்மா பொறுமை?"

வேலையில் கை பழகிய ஆங்கிலம் அப்படியே வந்து விழுந்திருந்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்து நன்றிகளை எல்லாம் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கட்டணம் கொஞ்சம்தான். மூன்று நகல், ஒரு உறுதிமொழிப் பத்திரம், பில்லின் ஜெராக்ஸ். குமாஸ்தா எண் போட்டுக் கொடுத்தார். அந்த எண்ணைப் பார்த்தபோது என்னையும் ஒரு ஆளாக யாரோ பட்டியலில் சேர்த்துக்கொண்டதுபோல இருந்தது.

பிறகு காத்திருந்தோம். முதல் தேதியில் எதிர்த்தரப்பு வரவில்லை. இரண்டாம் தேதியில் வக்கீல் வந்து அவகாசம் கேட்டார். மூன்றாம் தேதியில் அவர்களுடைய பதில் வந்தது. உத்தரவாத அட்டை செல்லாது என்றது அது. புகார் கொடுத்தவர் மாவு வியாபாரி, நுகர்வோரே அல்ல, வீட்டு உபயோகம் என்று எழுதியிருப்பது பொய் என்றது. கூடவே ஒரு புகைப்படம். ஏ பிளாக் லிஃப்ட் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒட்டியிருந்த அட்டை: 'இட்லி தோசை மாவு கிடைக்கும்.' தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், வண்ணப் பேனாவால்.

அடுத்த தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்து யோசித்து மெலிந்தேன். பக்கத்து வீடுகளுக்கு உதவியாக அரைத்துக் கொடுத்ததாகச் சொல்லலாமா? அந்த அட்டை வேறு யாருடையது என்று சொல்லலாமா? அம்மா நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வழக்குக்கு முதல்நாள் கிரைண்டரைத் துடைத்து மறுபடி ஓட்டுவதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு வேல கீது" என்றாள்.

மறுநாள் அவள் கையில் கூடை இருந்தது. அதில் இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு தாம்பாளம். மதியச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மன்றத்தில் தலைவர் நடுவில், பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புகைப்படத்தை எடுத்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். அம்மாவின் தெலுங்கு கொத்து வேலைத் தெலுங்கு. அதை நான் இங்கே அவள் தமிழில் தருகிறேன்.

"இது உங்க விளம்பரமா?"

"எங்களுதுதான். பாப்பா எழுதுனது."

"மாவு விக்கிறீங்களா?"

நான் அம்மாவின் புடவை நுனியை இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆமா சார். நான் மாவு விக்கிறவதான். அதுக்குத்தான் இந்த மிசினு வாங்குனது. என் பொண்ணு வீட்டுக்குன்னு எழுதிட்டா. பயந்துகினு எழுதிட்டா. மாவு விக்கிறது இன்னா திருட்டா சார், மறைக்கிறதுக்கு?"

வக்கீல் தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். சி பிளாக் சமையலறைத் தொட்டி எனக்குக் கண்முன் வந்தது.

பெண் உறுப்பினர் முன்னால் குனிந்தார். "வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"நான் ஒருத்திதான்மா."

"இதத் தவிர வேற வருமானம்?"

"அதுக்கு முந்தி பாத்திரம் தேச்சேன். இப்ப இதுதான்."

அவர் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தலைவரிடம் காட்டினார். தலைவர் படித்துவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச பொண்ணுதானே? சட்டத்த எடுத்துப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"வணிக நோக்கம்னு இருக்கற வரி வரைக்கும் பாத்த. அதுக்குக் கீழ ஒரு விளக்கம் இருக்கே, அதப் பாக்கல. தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கறதுக்கு வாங்கின பொருள்னா அவங்க நுகர்வோர்தான். உங்க அம்மா உண்மையச் சொன்னதால கேஸ் நிக்குது. நீ எழுதினதால விழுந்திருக்கும். திருத்தி ஒரு உறுதிமொழி எழுதிக் குடு. இனிமே மன்றத்துல பொய் எழுதாத."

"சரி சார்" என்றேன். அவமானமும் நிம்மதியும் சேர்ந்து வந்தால் எதை முதலில் விழுங்குவது என்று தெரிவதில்லை.

வக்கீல் விடவில்லை. "இருந்தாலும் கல்லில் குறை என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அரிசியில் இருந்த கல்லாகவும் இருக்கலாம்."

அம்மா கூடையைத் தூக்கி மேசை மேல் வைத்தாள்.

"சார், ஒரு சொம்பு தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

தலைவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் டப்பாக்களைத் திறந்துவிட்டாள். "ஒரே அரிசி. ஒரே உளுந்து. ஒண்ணா ஊறப்போட்டு ரெண்டாப் பிரிச்சேன். இது மூணாவது மாடி வீட்டு கிரைண்டர்ல அரைச்சது. இது இவங்க மிசின்ல அரைச்சது. அரிசில கல்லு இருந்தா ரெண்டுலயும் இருக்கணும் இல்ல?"

பெண் உறுப்பினர்தான் குமாஸ்தாவிடம் தண்ணீரும் ஒரு வாளியும் கொண்டு வரச் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்து முதல் டப்பா மாவைத் தாம்பாளத்தில் விட்டாள். தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, வாளியில் வடித்து, மறுபடி ஊற்றினாள். அவசரமே இல்லை. அடுத்த வழக்குக்காக வந்திருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். நாலு சுற்றில் தட்டு வெறும் தட்டானது. துடைத்துவிட்டு இரண்டாவது டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. தண்ணீர் தெளிந்து வர வர, தட்டின் ஓரத்தில் கறுப்புப் பிறை ஒன்று தெரிந்தது. அம்மா தட்டை எடுத்துப்போய்த் தலைவர் முன் வைத்தாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பெண் உறுப்பினரும் தொட்டுப் பார்த்தார். பிறகு தட்டு வக்கீலிடம் நகர்ந்தது. அவர் தொடவில்லை.

"நீங்களும் தொட்டுப் பாருங்க சார், ஒண்ணும் ஒட்டிக்காது" என்றாள் அம்மா. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

தலைவர் வக்கீலிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வேண்டுமானால் மெஷினை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், குறை உறுதியானால் அந்தச் செலவையும் உங்கள் கட்சிக்காரர் தலையில் வைப்போம், கேட்டுக்கொண்டு வாருங்கள். வக்கீல் கைபேசியோடு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கம்பெனி கிரைண்டரை மாற்றித் தரச் சம்மதிப்பதாகச் சொன்னார்.

"மாத்தித் தர்றது மட்டுமா?" என்றார் பெண் உறுப்பினர். "இத்தனை மாசம் இந்தம்மாவோட பொழப்பு?"

அடுத்த தேதியில் திருத்திய உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டு உத்தரவு போட்டார்கள். புது கிரைண்டர், புதிதாக ஆரம்பிக்கும் உத்தரவாதம், நட்டத்துக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை. பெரிய தொகை இல்லை. ஆனால் உத்தரவின் முதல் பக்கத்தில், புகார்தாரர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரும், அதன் கீழே 'சுயதொழில், மாவு அரைத்து விற்பனை' என்றும் தட்டச்சில் இருந்தது. நான் மறைத்த வார்த்தையை அரசாங்கக் காகிதத்தில் படித்தேன். அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றாள்.

கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். மேலாளர் எழுந்து நின்றார். அம்மாவுக்கு நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை. மூன்று கிரைண்டர்களைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் குழவியையும் உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, மூன்றாவதை எடுத்துக்கொண்டாள்.

"இவ்ளோ தூரம் போயிருக்க வேண்டாம் அம்மா" என்றார் மேலாளர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே முடிச்சிருப்பேன்."

"சொன்னேனே சார். நாலு வாட்டி வந்து சொன்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை, கணக்கு மட்டும் இருந்தது. மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு, உத்தரவாத அட்டையில் முத்திரையை அழுத்திக் குத்தி என்னிடம் நீட்டினார். "ப்ளீஸ் மேடம், இத..." என்று ஆரம்பித்தவர் மேலே சொல்லாமல் சிரித்துவிட்டார். இந்த முறை நானும் சிரித்தேன்.

ஆட்டோவில் கிரைண்டரை இருவர் காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு வந்தோம். அம்மா வழியெல்லாம் பேசினாள். இன்றைக்குத் தவிடு ஓட்ட வேண்டும், நாளைக்கும் ஓட்ட வேண்டும், முதல் மாவை யாருக்கும் கொடுக்காமல் நாமே தின்று பார்க்க வேண்டும். பி பிளாக் பெண்ணுக்கு ஒரு டப்பா சும்மா கொடுத்து, என்ன நடந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். திரும்ப வருகிறவர்கள் வரட்டும், மற்றவர்கள் மெதுவாக வரட்டும்.

"பதினாலும் திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"வராது. பத்து வரும். புதுசா வேற ஆளுங்கோ லாரில வந்து எறங்கிக்கினுதானே கீறாங்கோ."

கேட்டுக்குள் ஆட்டோ நுழைந்ததும் நைனா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கிரைண்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா இறங்கிப் புடவையை உதறிச் சரிசெய்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பிடிச்சு எறக்கிக்கினு இருங்க" என்றாள். "அந்த சி பிளாக்கு அம்மா மாசா மாசம் ஒண்ணாம் தேதின்னா எனுக்காகக் காத்துக்கினு கீறாங்கோ. வரலன்னு நேர்ல சொல்லிட்டு வந்துர்றேன்."

சி பிளாக் லிஃப்டின் பொத்தானை அழுத்திவிட்டு, அது இறங்கி வரும்வரை பொறுமையில்லாமல், படிக்கட்டில் ஏற ஆரம்பித்தாள்.